விலக்கப்பட்ட குன்றின் மேல்

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம் ஊரார் எதையெதைக் கொண்டு வருவர் என்பதை வாசகர்கள் நன்கறிவர். கோடாலித் தைலம் ஒரு பெட்டி, பிள்ளைகளுக்கு இனிப்பு, பெண்டிருக்குச் சேலை. இவற்றோடு பயணப் பெட்டி நிறைந்துவிடும். நாமும் இருமுறை அவ்வாறே சென்று அவ்வாறே திரும்பியவர்தாம். மூன்றாம் முறை சென்றபோது மகன் நம்மை விடவில்லை. நகரின் நடுவே நிற்கும் ஃபோர்ட் கேனிங் குன்றை, வழிகாட்டி ஒருவர் துணையோடு நடந்தே சுற்றிப் பார்க்கும் குழுவொன்றில் நம் பெயரையும் பேரன் பெயரையும் சேர்த்துவிட்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டுமாம். எழுபதைக் கடந்த முழங்கால்களுக்கு இது ஆகுமா என்று நம் துணைவியார் ஐயுற்றார். நமக்கும் அவ்வையம் இல்லாமலில்லை. ஆயினும் அக்குன்றைக் காண வேண்டும் என்ற எண்ணம் நமக்கு நெடுநாளாக இருந்து வந்தது. அதன் காரணம் ஒரு பழைய கடிதமாக நம் சட்டைப் பையில் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குன்று என்றுதான் சொல்ல வேண்டும். மலை என்றால் நம் ஊரார் நகைப்பர். மலாய் மக்கள் அதனை 'புக்கிட் லாராஙான்' என்று வழங்கினர். விலக்கப்பட்ட குன்று என்பது பொருள். முற்காலத்து மன்னர்களின் அரண்மனை அதன்மேல் இருந்தது, அவர்களின் உயிர் பிரிந்த பின்னும் அங்கு உலவுகிறது என்று அஞ்சி, எவரும் அதில் ஏறுவதில்லை. இன்றோ, அதன் ஒருபுறத்தில் மின்படிக்கட்டே அமைத்திருக்கின்றனர். அரசர்கள் அனுமதியாத இடத்திற்கு நாம் நின்றவாறே ஏறிச் சென்றோம்.

வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலாய் இளம் பெண். தலையில் முக்காடு, கையில் குடை, குரலில் தெளிவு. பன்னிருவர் கொண்ட குழுவில் தலை நரைத்தவர் நாம் ஒருவரே ஆதலின், எங்கெல்லாம் நிழல் உண்டோ அங்கெல்லாம் நம்மை முதலில் நிறுத்திவிட்டே பேசத் தொடங்கினார்.

அவர் முதலில் சொன்ன கதை முன்ஷி அப்துல்லாஹ் எழுதிவைத்தது. 1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இத்தீவில் கால் வைத்த பின், அதிகாரியாயிருந்த ஃபார்க்குவார் குன்றின்மேல் ஏற வேண்டும் என்றாராம். தெமங்கோங்கின் ஆட்கள் மறுத்துவிட்டனர். மேலே பேய்கள் உலவுகின்றன, நூற்றுக்கணக்கானோர் ஆரவாரிப்பது போலும் முரசொலி போலும் ஓசை கேட்கிறது என்றனர். பின்னர் மலாக்காவிலிருந்து வந்தவர்களைக் கொண்டே காட்டை அழித்து, பீரங்கியை மேலே இழுத்துச் சென்று வெடிக்கச் செய்தனராம். இக்கதையைச் சொன்ன அப்பெண்ணிற்கு நாம் ஒரு செய்தியைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. முன்ஷி அப்துல்லாஹ்வின் முன்னோர் யமன் நாட்டிலிருந்து வந்து, நம் நாகூரில் மணமுடித்துத் தங்கி, அங்கிருந்து அவர்தம் வழியினர் கீழை நாடுகளுக்குச் சென்றவர்கள். மலாய் உரைநடையின் தந்தை என அவர்கள் போற்றும் அப்பெருமகனார் தமிழும் கற்றவர். "அங்கிளும் நாகூரா?" என்று அவர் வியந்தார். ஊர்ப்பெருமை பேசக் கிடைத்த வாய்ப்பை எந்த நாகூர்க்காரர்தாம் நழுவவிடுவார்!

அடுத்து, குன்றின் சரிவில், கூரையிட்டுக் காத்துவரும் அகழாய்வுக் குழியருகே நின்றோம். அரச இடிபாடுகள் என்றதும் நம் மனக்கண்ணில் செஞ்சிக் கோட்டையும் ஹம்பியும் தோன்றும். இங்கே அவ்வாறு எதுவுமில்லை. ஒரு சுவர் இல்லை; ஒரு தூண் இல்லை. 1822ஆம் ஆண்டில் இக்குன்றைச் சுற்றிப் பார்த்த ஜான் கிராஃபர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் செங்கல் அடித்தளங்களையும், நடுவே துளையிட்ட மணற்கற்களையும், அரசர் தோட்டத்தில் எஞ்சியவை எனக் கருதத்தக்க பழமரங்களையும் கண்டு எழுதி வைத்தார். மரத்தூண்கள் அத்துளைகளில் நின்றிருக்கலாம். மரம் மக்கிப் போயிற்று. கற்களையும் செங்கற்களையும் பின்வந்தோர் எடுத்துக் கட்டிக்கொண்டனர்.

மண்ணுக்குள் கிடந்தவையே தப்பின. 1928ஆம் ஆண்டில், குன்றின் உச்சியில் நீர்த்தேக்கம் அமைப்பதற்காகத் தோண்டிய கூலியாட்களின் கையில் பொன் நகைகள் அகப்பட்டன. அரக்க முகம் பொறித்த தோள்வளையும் காதணிகளும் மோதிரமும் அவற்றுள் அடங்கும். ஜாவாவின் வேலைப்பாடு கொண்ட அவை பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் சில பின்னர் வந்த போரில் காணாமற்போயின. எஞ்சியவற்றை அருங்காட்சியகத்தில் காணலாம். 1984ஆம் ஆண்டில் ஜான் மிக்சிக் என்ற ஆய்வாளர் இங்கு அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அதுவரை பலர் கட்டுக்கதை என்று ஒதுக்கிய அரசு, உடைந்த பாத்திரங்களின் சான்றால் உண்மையாயிற்று. உணவுத் தட்டு உடைந்தால் வீட்டில் பெண்களைக் கடிந்துகொள்ளும் கணவன்மார் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

அவ்வரசின் முடிவை மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' கூறுகிறது. சங் நீல உத்தமன் நிறுவிய சிங்கபுரத்தை ஐவர் ஆண்டனர். இறுதி மன்னர் இஸ்கந்தர் ஷா. அரண்மனை அதிகாரி ஒருவரின் மகள் அரசரின் அந்தப்புரத்தில் இருந்தாள். அவள்மீது பிறர் பொறாமையால் பழி சுமத்த, மன்னர் விசாரணையின்றி அவளைச் சந்தை வெளியில் எல்லோரும் காணக் கொடுந்தண்டனைக்கு உள்ளாக்கினார். மனம் கொதித்த தந்தை ஜாவாவின் படைக்கு ஆளனுப்பினார். படை வந்ததும் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். மன்னர் தப்பியோடி மலாக்காவை நிறுவினார். போர்ச்சுகீசியரான தோமே பிரஸ் வேறு விதமாக எழுதியிருக்கிறார். இடத்துக்கு உரியவரைக் கொன்று ஆட்சியைப் பிடித்த பாலெம்பாங் இளவரசர் ஒருவர், பிறகு துரத்தப்பட்டார் என்பது அவர் கூற்று. இரண்டையும் கேட்டபின் நமக்கு முதற் கதையே நினைவில் தங்கிற்று. ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதி நாட்டை அழித்த வரலாறு தமிழ் படித்தவர்க்குப் புதிதன்று.

சில படிகள் நடந்தால் ஒரு கல்லறை. அழகிய மரத்தூண்களின் மேல் மலாய் முறைக் கூரை. அதன்கீழ் பச்சைத் துணி போர்த்திய அடக்கத்தலம். 'கிராமத் இஸ்கந்தர் ஷா' என்று பெயர். குழுவிலிருந்த வெளிநாட்டார் படம் பிடித்தனர். நாம் செருப்பைக் கழற்றி நின்று ஸலாம் உரைத்தோம். அப்போது பேரன், மன்னர்தாம் மலாக்காவுக்குப் போய்விட்டாரே, பிறகு இங்கே அடங்கியிருப்பவர் யார் என்று கேட்டுவிட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கத் தெரியாது. வழிகாட்டிப் பெண் சினங்கொள்ளவில்லை. ஆய்வாளர்களுக்கும் அதே ஐயம்தான் என்றார். மலாக்காவில் ஆட்சி செலுத்தி அங்கேயே மறைந்த மன்னரின் உடல் இங்கு இருக்க வழியில்லை; ஆயினும் கிராஃபர்ட் காலத்திலேயே மக்கள் இதனை அவர் பெயரால் வணங்கத்தக்க இடமாக மதித்திருக்கின்றனர். உடல் இல்லாத கல்லறை. நாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

அரண்மனைப் பெண்டிர் நீராடிய ஊற்று இருந்த இடத்தையும், 1865 வரை பயன்பட்ட கிறிஸ்தவ மயானத்தின் கல்வெட்டுகள் பதித்த சுவரையும் விரைந்து கடந்தோம். உச்சியில் 1859ஆம் ஆண்டில் தொடங்கிக் கட்டிய கோட்டையின் வாயில் மட்டும் நிற்கிறது. வைஸ்ராய் கேனிங் பெயரைத் தாங்கிய அக்கோட்டை எப்பகைவனையும் சுட்டதில்லை. நேரம் அறிவிக்கவும், நகரில் தீப்பற்றினால் அறிவிக்கவுமே அதன் பீரங்கிகள் முழங்கின. 1907இல் கோட்டையையே கலைத்துவிட்டனர்.

அதன்பின் படியிறங்கித் தரைக்குக் கீழே சென்றோம். ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில், 1930களின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டிய போர்த் தலைமையகம் அது. 'பேட்டில் பாக்ஸ்' என்பது அதன் பெயர். தடித்த சுவர்கள், இரும்புக் கதவுகள், வளைந்து செல்லும் நடைகள், வரைபட அறைகள். போருக்குப் பின் நெடுங்காலம் மறந்து கிடந்த அதனை 1988இல் மீண்டும் கண்டறிந்தனர். 1997இல் காட்சியகமாகத் திறந்தனர். குளிரூட்டியிருந்தும் மூச்சு முட்டுவது போலிருந்தது.

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. சீனர்களின் புத்தாண்டு நாள். ஜப்பானியர் தீவில் இறங்கி ஒரு வாரமே ஆகியிருந்தது. அன்று காலை இந்த அறைகளுள் ஒன்றில் ஜெனரல் பெர்சிவல் தம் தளபதிகளைக் கூட்டினார். இரண்டே வழிகள். எதிர்த்தாக்குதல் நடத்தி புக்கிட் தீமாவின் உணவுக் கிடங்குகளையும் நீர்த்தேக்கங்களையும் மீட்பது, இயலாதெனில் சரணடைவது. குண்டு வீச்சால் குழாய்கள் உடைந்து தண்ணீர் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளுக்கு மேல் தாங்காது என்றனர். எதிர்த்தாக்குதல் நடத்தலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்று மாலை புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் யமஷிட்டாவின் முன் பெர்சிவல் கையொப்பமிட்டார். நகரில் சிறைப்பட்ட படையினர் ஏறத்தாழ 80,000 பேர். வென்றவர்களின் எண்ணிக்கையோ அதில் பாதிக்கும் குறைவு. அவர்களிடமும் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. இரு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தனர். சிங்கப்பூரின் பெயர் 'ஷோனான்' என்றாயிற்று. சீனர்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றனர். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கும், பணத்திற்குப் பதில் வாழைமரம் அச்சிட்ட தாளுமாக மூன்றரை ஆண்டுகள் கழிந்தன.

இப்போது கடிதத்தைப் பற்றிச் சொல்லலாம்.

நம் பாட்டனார் அக்காலத்தில் இங்கே சூலியா தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதி வந்தார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர், மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவார். பாட்டியாருக்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஓதப் படித்தவர் ஆகையால் அரபுத்தமிழ் தெரியும். எனவே பாட்டனார் கடிதமெல்லாம் அரபுத்தமிழிலேயே எழுதுவார். அவற்றுள் எஞ்சிய ஒன்று 1942 ஜனவரியில் எழுதியது. விமானங்கள் நாள்தோறும் வருகின்றன. ஆயினும் கடைக்கு அப்பால் குன்றின்மேல் துரைமார்களின் பெரிய பட்டாள அலுவலகம் இருக்கிறது. அவர்கள் இருக்கும் வரை நமக்கு ஒன்றும் நேராது. நீ பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பின் கடிதமும் இல்லை, உண்டியலும் இல்லை. பாட்டியார் கழுத்துச் சங்கிலியை விற்றார். பின்னர் அப்பம் சுட்டு விற்றார். நம் வாப்பா ஏழாம் வயதிலேயே பள்ளியை விட்டுக் கடைக்குப் போனார்.

1946இல் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர்தாம் செய்தி கொணர்ந்தார். 1944இல் காய்ச்சலில் படுத்தார், இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டார், அடக்கம் செய்தோம். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, அந்த நாளில் யார் எந்த இடம் என்று பார்த்தோம் என்றாராம். இரண்டாண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டிய இத்தாவைப் பாட்டியார் அன்று தொடங்கினார். செய்தி வருமுன்பே காலம் கடந்துவிட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்று ஆலிம் எடுத்துரைத்தும் அவர் கேட்கவில்லை. நாலு மாதம் பத்து நாளும் இருந்தார்.

முதன்முறை சிங்கப்பூர் வந்தபோது நாம் பிடாடாரி மையவாடியைத் தேடிச் சென்றோம். முஸ்லிம்களை அக்காலத்தில் பெரும்பாலும் அங்கேயே அடக்கினர் என்று கேள்வி. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி, எச்சங்களைச் சோவா சூ காங்கிற்கு மாற்றிவிட்டனர். அந்நிலத்தில் இப்போது குடியிருப்புகள். குறை சொல்வதற்கில்லை, சிறிய தீவு, உயிரோடிருப்பவர்க்கும் இடம் வேண்டும். பெயரில்லாமல் அடங்கியவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் கண் கூசிற்று. குழு கலைந்துகொண்டிருந்தது. பாட்டனார் கடை எந்தப் பக்கம் என்று பேரன் கேட்டான். தெற்கே கையைக் காட்டினோம். மாடிக் கட்டடங்களே தெரிந்தன. பிறகு கடிதத்தை எடுத்து அவனிடம் காட்டினோம். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்தான். அவனுக்கு அரபுத்தமிழ் இல்லை, தமிழே அரைகுறை. வழிகாட்டிப் பெண் எட்டிப் பார்த்து, "இது ஜாவியா?" என்றார். மலாய் மொழியை அரபெழுத்தில் எழுதுவதை அவர்கள் ஜாவி என்பர், மத்ரஸாவில் கற்றாராம். இது எங்கள் தமிழ் என்றோம். படித்துப் பார்க்கலாமா என்று கேட்டுத் தாளை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

எழுத்துக் கூட்டித் தொடங்கினார். தமிழுக்கென்று புள்ளி கூட்டி அமைத்த எழுத்துகள் வந்த இடங்களில் தயங்கினார். நாம் ஒலியை எடுத்துக்கொடுத்தோம். பொருள் ஒன்றும் அறியாமல், பாட்டனார் எழுதிய ஸலாமையும், நலம் கேட்டதையும், குன்றையும், துரைமார்களையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சென்றார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூரில் எவர் வாயிலும் ஒலியாத சொற்கள் அவை. 'பயப்பட வேண்டாம்' என்ற இடத்தில் ழகரமோ ளகரமோ இல்லை ஆதலின் பிழையின்றியே சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். சொன்னோம்.

அடுத்த குழு வந்து படியோரத்தில் காத்திருந்தது. அவர் கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து நம் கையில் தந்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார்.