எத்தனை சுத்து மாப்ளே?



"ஆட்டோமொபைல் பசங்க ஏதாவது டெக்னிக்கலா எழுதுங்கடா" என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். டெக்னிக்கலாகத்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் நடுவில் ஒரு பொய் வரும். அது நான் சொன்ன பொய்.

சென்ற மே மாத லீவில் புதுச்சேரியில் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், இரண்டு ஜாக்கி, அப்புறம் மாமா. எட்டாம் வகுப்போடு ஸ்பேனர் பிடித்தவர். முப்பது வருஷம் எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டு வலது காது மந்தம். நானோ டிப்ளமோ! "டேய் மாப்ளே, இஞ்சினீயரு!" என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு புதன்கிழமை காலை அந்த வேன் வந்தது. 1973 மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 2. முன்பக்கம் வட்டமாக, பெரிய கண்ணாடியோடு, பழைய சினிமாவில் வெள்ளைக்காரர்கள் வருவார்களே, அந்த வேன். ஓட்டி வந்தவர் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஊர் திரும்பும்போது கப்பலில் கொண்டு வந்த வண்டியாம்.

"பாரிசுல இருந்து பேத்தி வருது. ஞாயித்துக்கிழமை இதுலதான் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்கு குடுத்துட்டேன். கிளம்பும்போது இழுக்க மாட்டேங்குது, டொப் டொப்புனு வெடிக்குது" என்றார்.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால். 1700 சி.சி., 66 குதிரைத்திறன். நாலு சிலிண்டரும் படுத்திருக்கும், பக்கத்துக்கு இரண்டு. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டில் மாட்டிய ஃபேன்தான் எல்லாவற்றையும் குளிர வைக்கிறது. ஜெர்மனியில் இந்த ரகம் 1979-லேயே முடிந்தது. பிரேசிலில் காற்றில் குளிரும் எஞ்சினோடு 2005 வரையும், தண்ணீர் எஞ்சினோடு 2013 வரையும் செய்தார்கள்.

இதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடுவில் இருக்கும் லீவர் இரண்டு ராடுகளை இழுக்கும், இரண்டு த்ராட்டிலும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒன்று முந்தினால் அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டர் வண்டியை இழுக்கும், மற்ற இரண்டும் சுமையாகத் தொங்கும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் அந்தப் பக்கம் சூடேறும். தண்ணீர் இல்லாத எஞ்சின், சூட்டை ரொம்ப நேரம் தாங்காது. ஹெட் விரியும், வால்வ் சீட்டே கழன்றுபோகும். அதனால் இரண்டையும் சமமாக வைப்பது சத்தத்துக்காக மட்டும் செய்கிற வேலையில்லை, அது எஞ்சினின் ஆயுள்.

மாமா வண்டியைச் சுற்றி வந்தார். முதலில் பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். வெடிப்பு. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. பின்னால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். "இதை மாத்தாம வேற எதையும் பண்ணக் கூடாது. நான் போய் ஹோஸ் வாங்கிட்டு வரேன். நீ துடைச்சு வை" என்று டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. இஞ்சினீயர் அல்லவா!

மூன்றாம் ஆண்டு போகப் போகிறோம், கார்புரேட்டர் என்றால் தெரியாதா? 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான புது பைக்கில்கூட இன்ஜெக்‌ஷன்தான். நான் கார்புரேட்டரைப் பார்த்ததெல்லாம் லேபில் வெட்டி வைத்த மாடலில்தான். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். இடது பக்கம் மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம். மாற்றமே தெரியவில்லை. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகினேன். ரேஸ் ஏறியது. பயந்து வலது பக்கத்தில் குறைத்தேன். வண்டி குதிக்க ஆரம்பித்தது. திரும்பப் பழையபடி வைக்கலாம் என்றால், பழையபடி என்பது எது? எத்தனை சுற்று திருகினேன் என்று எண்ணவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

மாமா வந்தார். ஹோஸ் மாற்றி ஸ்டார்ட் செய்தார். முகம் மாறியது.

"காலைல இப்படி இல்லையே. எதையாவது தொட்டியா மாப்ளே?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. மாமா நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை எஞ்சின் ஆறியபின் டேப்பட் பார்த்தார். இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20. பிளாட்டின பாயிண்ட் 0.4. அப்புறம் டைமிங். "கார்புரேட்டர்ல கை வைக்கிறது எப்பவும் கடைசிடா. முன்னாடி இருக்கிறதெல்லாம் சரியா இருந்தாத்தான் அது பேசறது நமக்குப் புரியும்" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி மட்டும் அதே குதி.

கார்புரேட்டரை யாரும் தொடவில்லை. அப்படியானால் எங்கோ காற்று இழுக்கிறது என்று முடிவு கட்டினார். எஞ்சின் ஓடும்போதே மேனிஃபோல்டு அடியில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். தெரியவில்லை. சந்தேகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெள்ளிக்கிழமை இரண்டு பக்க மேனிஃபோல்டையும் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் இல்லை என்பதால் சூடு ஆறும் முன்பே கையை விட்டார். சைலன்ஸர் குழாயில் முழங்கைக்குக் கீழே பட்டுத் தோல் உரிந்துவிட்டது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு பேக்கிங் ஷீட்டில் புது கேஸ்கெட் வெட்டினார். நான் பக்கத்தில் நின்று நட்டு எடுத்துக் கொடுத்தேன். மாலையில் ஸ்டார்ட் செய்தோம். அதே குதி.

அன்று ராத்திரி அத்தை மாமா கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். "நாளைக்குத் தாத்தாகிட்ட முடியலன்னு சொல்லிடறேன். வயசாயிடுச்சு எனக்கு, காது சரியாப் பிடிக்கல" என்று மாமா சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, நான் தொட்டேன்."

அத்தை கை அப்படியே நின்றது. மாமா திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை சுத்து மாப்ளே?"

"தெரியல மாமா. எண்ணல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, சாப்பிடு" என்று எழுந்து போய்விட்டார். அறைந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை விடியற்காலை என்னை எழுப்பினார். இரண்டு கார்புரேட்டரிலும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வெளியே எடுக்கச் சொன்னார். "அழுத்தாதே, ஊசி முனை போயிடும். எண்ணு. வாய்விட்டு எண்ணு." எண்ணினேன். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஏர் கிளீனரைக் கழற்றினோம். வலது பக்க ராடைக் கழற்றியதும் இரண்டு கார்புரேட்டரும் தனித்தனியாக அவற்றின் ஸ்டாப் ஸ்க்ரூவிலேயே நின்றன. ஒரு முழ ரப்பர் ஹோஸை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே இடத்தில் பிடித்துக் கேட்க வேண்டும். உஸ்ஸ் என்று காற்று போகும் சத்தம். எந்தப் பக்கம் சத்தம் கூடவோ அந்தப் பக்கம் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறது.

"காதை மாத்தாதே மாப்ளே. ரெண்டு காதும் ஒண்ணு போலக் கேக்காது. அளவுகோல் ஒண்ணா இருக்கணும்."

அவருடைய வலது காது அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது! நம் மெட்ராலஜி பேப்பரில் இதைவிடத் தெளிவாகப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கால் சுற்று திருகு, நிறுத்து, கேள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூதான். ஒன்பது மணிக்கு இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இடது பக்கம் தனி ஸ்க்ரூ இருக்கிறது. அதில் சுமார் 900-க்கு வைத்தார். பிறகு வலது ராடை மாட்டப் போனோம். அங்கேதான் மாமா நின்றுவிட்டார். ராடு கொஞ்சம் நீளம் மாறியிருந்தது. லீவரை லேசாகத் தள்ளினால்தான் குமிழில் உட்கார்ந்தது. மிதித்தால் ஒரு பக்கம் முந்தும், மறு பக்கம் பிந்தும். தாத்தா சொன்ன டொப் டொப்புக்குக் காரணம் அதுதான். நட்டைத் தளர்த்தி, லீவரை அசைக்காமல் ராடு தானாக உட்காரும்படி நீளம் வைத்தோம். வேகத்தை 2000-க்கு ஏற்றி மறுபடி ஹோஸால் கேட்டோம். ஐடிலிங்கில் மட்டும் சரியாக இருந்தால் போதாது, இழுக்கும்போதும் சமமாக இருக்க வேண்டும்.

மொத்தம் ஒரு காலை நேர வேலை, நண்பர்களே! புதன்கிழமையே முடிந்திருக்க வேண்டியது. என் "இல்ல மாமா" அதை மூன்று நாளாக்கியது.

மாலையில் தாத்தா வந்தார். எஞ்சின் மெத்தென்று ஓடியது. பில்லில் மாமா ஹோஸுக்கும் டியூனிங்குக்கும் மட்டும் போட்டார். மேனிஃபோல்டு கழற்றிய கூலி, கேஸ்கெட் எதுவும் இல்லை. "மாமா, அது..." என்றேன். "அது அவர் வண்டிக் கோளாறு இல்லையே" என்றார். தினக்கூலி போல் பிழைக்கும் மனிதர். அந்த ஒன்றரை நாள் நஷ்டம் அவருடையது, கைத் தழும்பும் அவருடையது.

ஞாயிறு காலை வேன் செஞ்சிக்குப் போனது. பேத்தி ஜன்னலில் இருந்து எங்களுக்குக் கை காட்டினாள். நான் கையைத் தூக்கவில்லை. மாமா தூக்கினார், கட்டுப் போட்ட கையை.

லீவு முடிந்து கிளம்பும்போது மாமா ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுத்தார். முதல் பக்கத்தில் கோணல் எழுத்தில் அவரே எழுதியிருந்தார்: "தொடும் முன் எழுது. தொட்டால் சொல்."

இப்போது லேபில் எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும் அந்த நோட்டில்தான் முதலில் எழுதுகிறேன். பேட்ச் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். நாளை நாமும் வேலைக்குப் போவோம், ஏதாவது ஒன்றைத் தெரியாமல் திருகிவிடுவோம். அது தப்பில்லை, திரும்பவும் எண்ணி வைத்துவிடலாம். யாராவது வந்து "எதையாவது தொட்டியா?" என்று கேட்கும்போது என்ன சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)