டீக்கு நிறுத்துறீங்களா? ஹேண்ட் பிரேக்கை இன்னொரு தடவை இழுங்க!

குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால், வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து இறங்கினால், அடிவாரத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாலே அனல் அடிக்கும். பென்னிகுவிக் மணிமண்டபம், பெரியாறு நீர்மின் நிலையம், டீக்கடை என்று அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்த அங்கே காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

அப்பா பல வருஷம் ஓட்டியது, பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள சின்ன கார். போன வருஷம்தான் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள காருக்கு மாறினோம். தேக்கடி போய்த் திரும்பும்போது, லோயர் கேம்ப் சரிவில் வழக்கம்போல ஹேண்ட் பிரேக் போட்டு இறங்கினோம். கால் மணி நேரத்தில் கார் தானாக அரை அடி நகர்ந்து, ஒரு கல்லில் முட்டி நின்றது. நான்கடி தள்ளி அக்கா மகன் விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வீடு வரும்வரை அம்மா அவனை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் கம்பத்தில் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோளாறு ஒண்ணும் இல்லம்மா. டிரம்மு ஆற ஆற இறுகும். டிஸ்க்கு ஆற ஆற இளகும். அம்புட்டுதான்."

விஷயம் இதுதான். டிரம்முக்கு உள்ளேயிருந்து ஷூ விரிந்து பிடிக்கிறது. சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி, ஷூவை இன்னும் நெருக்கும். டிஸ்க்கை வெளியிலிருந்து இரண்டு பேட் கவ்வுகின்றன. ஆறும்போது டிஸ்க்கும் பேடும் மயிரிழை மெலியும். கவ்விய பிடி தளர்ந்துவிடும்.

பின்பக்கம் டிஸ்க் உள்ள கார்களில் பார்க்கிங் பிரேக் மூன்று வகை:

* டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் தனியாக ஒரு குட்டி டிரம். நிறுத்துவதற்கு மட்டும் பயன்படும்.

* ஹேண்ட் பிரேக் கேபிள், காலிப்பருக்குள் இருக்கும் திருகு போன்ற அமைப்பை இழுத்து, அதே பேடை அழுத்தும். எங்கள் கார் இந்த வகை.

* பட்டனை அழுத்தினால் சின்ன மோட்டார் இறுக்கும். இந்த வகையில் பல கார்கள், சில நிமிடம் கழித்துத் தாமாகவே மறுபடி இறுக்கிக்கொள்ளும்.

உங்கள் கார் எந்த வகை என்று சர்வீஸில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் வகையென்றால், மலை இறங்கி நிறுத்தியதும் லீவரை நன்றாக இழுங்கள். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை இழுங்கள். கியர் வண்டியாக இருந்தால், முகம் இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட் கியரில் விடுங்கள். உருண்டாலும் மலைச்சுவர் பக்கமே போகும்படி ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுங்கள்.

டயருக்குக் கல் முட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிடாதீர்கள். பின்னால் பைக்கில் வருபவருக்கும் வீட்டில் ஆள் காத்திருக்கும்.