தங்கை காட்டிய தலைநகர்

பட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு வகையாகப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். மகன் போகிறான் என்றால், "போகட்டும், நாலு இடம் பார்க்கட்டும், நல்லபடி பிழைக்கட்டும்" என்பர். மகள் போகிறாள் என்றாலோ, "யார் துணை? இருட்டினால் என்ன செய்வாள்? ஊர் என்ன பேசும்?" என்பர். ஒரே பட்டணம், ஒரே சாலை! ஆனால் அண்ணனுக்கு அது வாய்ப்பு, தங்கைக்கு அது வம்பு! இந்த வேற்றுமை சாலையிலே பிறந்ததா, நம் சிந்தையிலே பிறந்ததா?

ஆராய்ந்து பார்க்க நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நம் தங்கை சென்னையிலே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை செய்யும் பெண்ணொருத்தியோடு சேர்ந்து வில்லிவாக்கத்தில் சிறு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறாள். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் நம் உறவினருக்கு இது உறுத்தலாகவே இருந்து வந்தது. "போய்ப் பார்த்து, கையோடு அழைத்து வந்துவிடு. வைகாசியிலே ஒரு நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடலாம்" என்றார் சித்தப்பா. அம்மா மட்டும் வேறு விதமாகச் சொன்னார்: "சைக்கிள் ஓட்டுகிறாளா என்று பார்த்து வா. ஓட்டுகிறாள் என்றால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் பொருள்."

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவிக்க வந்த இயக்கம், எழுத்தோடு நிற்கவில்லை. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். கல்லுடைக்கும் பெண்கள், களை பறிக்கும் பெண்கள், பள்ளியாசிரியைகள், கிராமச் செவிலியர் எல்லோரும் கற்றனர். 'லேடீஸ் சைக்கிள்' கடைகளிலே தீர்ந்து போயிற்று. தீர்ந்தால் என்ன, ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே ஏறினர்! குறுக்குக் கம்பி குறுக்கே நின்றதா? இல்லை, குழந்தையை உட்கார வைக்க அதுவே வசதியாயிற்று. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். ஏளனம் பேசிய வாய்கள் ஏராளம். பேசிய வாய் ஓய்ந்தது, சுழன்ற சக்கரம் ஓயவில்லை.

அப்படிக் கற்றுக் கொண்டவர்களில் ஒருவர் நம் அம்மா. பின்னாளில் நம் தங்கை அந்தக் குறுக்குக் கம்பியிலே அமர்ந்துதான் பள்ளிக்குப் போனாள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், பதினோராம் வகுப்பிலே அவளுக்கென்று ஒரு வண்டி கிடைத்தது. தாயின் வண்டியிலே ஏறி வந்தவள், தன் வண்டியிலே ஏறிச் சென்றாள்.

சென்னையிலே நாம் கண்டது என்ன? வாசலிலே நிற்கிறது சைக்கிள்! பக்கத்து வீட்டு மாடிப்படியின் கீழ், தூசி படிந்து கிடந்த இன்னொரு வண்டியைக் கேட்டு வாங்கி, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு நமக்குத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே இருவரும் புறப்பட்டோம்.

அயனாவரம், புரசைவாக்கம், வேப்பேரி. பேருந்திலே போனால் இவை வெறும் நிறுத்தங்கள். சைக்கிளிலே போனால் அவை தெருக்கள், தெருக்களிலே மனிதர்கள். செய்தித்தாளைப் பிரித்து அடுக்குகிற சிறுவன், பால் பையை இறக்குகிற தொழிலாளி, தேநீர்க் குடுவையைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் செல்லும் முதியவர், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் காவலாளி. மாநகரம் விழிக்கு முன்னே அதற்காக விழித்தவர்கள்! அவர்களிலே மிகப் பலர் சைக்கிளிலேதான் வந்தனர்.

சென்ட்ரல் நிலையத்தையும், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையையும் கடந்து, கோட்டையைச் சுற்றி, நேப்பியர் பாலத்தின் மேல் நின்றோம். கீழே கூவம். அதன் கரையிலே குடியிருந்த குடும்பங்கள் பலவற்றை 20 கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாக்கத்திலே கொண்டுபோய்க் குடியமர்த்திய செய்தியைத் தங்கை சொன்னாள். "வீடு கிடைத்தது அண்ணா, வேலை தூரமாகிவிட்டது. நடந்தும் மிதித்தும் வேலைக்குப் போனவர்கள், இப்போது இரண்டு பேருந்து மாறவேண்டும்" என்றாள். வீட்டைக் கூரையால் மட்டும் அளந்தால் போதுமா? அங்கிருந்து வேலைக்குச் செல்லும் வழியாலும் அளக்க வேண்டாமா?

கடற்கரையிலே, 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையின் முன் வண்டிகளை நிறுத்தினோம். சிற்பி ராய் சௌதுரி வடித்த நால்வர், பாறையைப் பெயர்க்கின்றனர். தங்கை சிரித்தபடி, "நால்வரும் ஆண்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தால் பாறை சீக்கிரம் நகர்ந்திருக்கும்!" என்றாள். வேடிக்கைப் பேச்சுத்தான், எனினும் நெடுநேரம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

திரும்பும் வழியிலே வெயில் ஏறிற்று, வண்டிகளும் பெருகின. பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் விடாமல் ஒலி எழுப்பிவிட்டு, எட்டிப் பார்த்து, "ஓரமாகப் போகக் கூடாதா?" என்று தங்கையை அதட்டினார். ஓரத்திலே நிறுத்தி வைக்கப்பட்ட கார்கள்! அவற்றுக்கும் ஓரம் ஏது? சற்று நேரத்துக்கு முன், விலையுயர்ந்த சைக்கிளும் தலைக்கவசமுமாகச் சென்ற குழுவுக்கு அதே சாலை மரியாதையோடு வழிவிட்டதைக் கண்டோம். உடல்நலத்துக்காக மிதித்தால் விளையாட்டு வீரர், வயிற்றுக்காக மிதித்தால் இடையூறு! சக்கரம் இரண்டு, பெடல் இரண்டு, மதிப்பும் ஏன் இரண்டாக வேண்டும்?

மறுநாள் இரவு, அவள் வேலை முடிந்து வரும் வழியைப் பார்க்க விரும்பினோம். பத்து மணிக்கு ஆலை வாயிலிலிருந்து கிளம்பி, பாடி வழியாக ஏறத்தாழ அரைமணி நேரப் பயணம். "மகளிருக்குச் சாதாரணப் பேருந்திலே 2021 முதல் கட்டணம் இல்லையே, அதிலே வரலாமே?" என்று கேட்டோம். "காலையிலே வருவதுண்டு. இரவிலே பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்தால் எவனாவது கூடவே நடந்து வருகிறான். மிதித்தால் எவன் கூட நடக்க முடியும்?" என்றாள். எத்தனை எளிய விளக்கம்!

வழியிலே ஓரிடத்தில் விளக்குகள் எரியவில்லை. அங்கே மட்டும் அவள் பேசாமல் வேகமாக மிதித்தாள். "பயமா அம்மா?" என்றோம். "பட்டணத்தைக் கண்டு பயமில்லை. இந்த ஆறு விளக்குகளைக் கண்டுதான்" என்றாள். உடன் பணிபுரியும் பெண்கள் மூன்று முறை மனுக் கொடுத்திருந்தனர். நாம் தங்கியிருந்த நாள்களிலே, ஒரே தெருவிலே நாற்பது பெண்களிடம் கையெழுத்துப் பெற்று நான்காவது மனு போயிற்று. இப்போது நான்கு விளக்குகள் எரிவதாகத் தங்கை எழுதியிருக்கிறாள். மீதி இரண்டுக்கு ஐந்தாவது மனு தயாராகிறது.

நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. தியாகராய நகர்ப் பாண்டி பசாரிலே 2019இல் அகன்ற நடைபாதை அமைந்தது; மக்கள் நிமிர்ந்து நடக்கின்றனர், மகிழ்கிறோம். கடைவீதிக்குக் கிடைத்த அந்த மரியாதை, தொழிற்பேட்டைச் சாலைக்கும் கிடைக்க வேண்டாமா? பொருள் வாங்குபவர் நடக்க வழி அமைத்தோம். அப்பொருளைச் செய்பவர் வீடு திரும்ப வழி அமைத்தோமா?

தங்கையைக் கையோடு அழைத்து வராமல் ஊர் திரும்பினோம். சித்தப்பா கேட்டார்; கண்டதைச் சொன்னோம். திருமணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தன் வேலையையும் தன் வண்டியையும் விட்டுவிட்டு வரும்படி கேட்கும் திருமணம் வேண்டாம் என்கிறாள். இது அடங்காமையா? தன் காலிலே நிற்பவள், தான் நிற்கும் தரையைக் கேட்கிறாள், அவ்வளவுதான்!

பெண்ணைப் பெற்றோரே, பெண்ணோடு பிறந்தோரே! இருட்டைக் காட்டி மகளை வீட்டுக்குள் வைப்பது எளிது. ஆனால் அவள் வீட்டுக்குள்ளே இருப்பதால் தெருவின் இருட்டுக் குறைவதில்லை. அடுத்த வீட்டு மகளுக்கு அது அப்படியே காத்திருக்கிறது. துணை யார் என்று அவளைக் கேட்பதை விடுவோம். விளக்கு எங்கே என்று ஊரைக் கேட்போம்!