முதலில் படலை திறப்பவர் யார்?

"சைரன் கேட்டால் வீட்டைவிட்டு வெளியேறுவீர்களா?" சுனாமி முன்னெச்சரிக்கைப் பயிற்சி முடிந்ததும் நிரப்பப்படும் படிவத்தில் வழக்கமாக வரும் கேள்வி இது. கிழக்கிலங்கையின் மூதூர்க் கரையோரத்தில் இதற்கு 'இல்லை' என்று எழுதியவரைக் காண்பது அரிது. ஊர் ஊராகப் பயிற்சி நடத்திப் பழகிய களப்பணியாளர், அந்தப் பத்தியை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடுவார். கேட்டவர் மனம் நோகக்கூடாதென்று தேநீரையும் கொடுத்து, "ஓம் தம்பி, போவம்தானே" என்று சொல்லி அனுப்பும் ஊர் அது. யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லும் நேரத்தில் எல்லோரும் போகத்தான் நினைக்கிறார்கள்.

சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை ரிச்சர்ட் லாபியேர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அளந்து பார்த்தார். சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த 1930களின் தொடக்கத்தில், ஒரு சீனத் தம்பதியோடு நாட்டைச் சுற்றி 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார். ஒரேயோர் இடத்தில்தான் மறுத்தார்கள். மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள். 1934இல் வெளியான அந்த ஆய்வில் வாய் மறுத்தது, கை வரவேற்றது. மூதூரில் வாய் சம்மதிக்கிறது, கால்தான் நகர்வதில்லை.

அதனால் அனுபவப்பட்டவர் 'போவீர்களா' என்று கேட்பதை விட்டுவிடுகிறார். "2012 ஏப்ரல் 11 பின்னேரம் எங்க நிண்டீங்க?" என்று தொடங்குகிறார். அன்று பிற்பகல் இரண்டு மணி கடந்த சிறிது நேரத்தில் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இலங்கைக் கரையோரம் முழுவதும் வெளியேறச் சொன்னார்கள். அலை வரவில்லை. அந்த நாளைக் கேட்டால் வேறு மாதிரியான பதில்கள் வரும். ஒருவர் வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றக் கடற்கரைக்கே ஓடியிருப்பார். இன்னொருவர் கடைத்தெருவில் நின்ற மகனைத் தேடிப் போயிருப்பார். மாட்டை அவிழ்த்துவிட நின்றவர்கள், வாப்பா வரட்டும் என்று வாசலில் காத்திருந்தவர்கள் என்று பட்டியல் நீளும். "படுக்கையில கிடந்த உம்மாவ உட்டுட்டு எப்படிப் போற?" என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டால், அதில் படிவம் முழுவதையும்விடக் கூடுதல் தகவல் இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தேவை அறிவுரை அல்ல, ஒரு திரீவீல்.

ஒருவர் என்ன செய்வார் என்பதை மூளையைப் படம்பிடித்தும் கணிக்கப் பார்த்திருக்கிறார்கள். எமிலி ஃபோக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலிலிருந்து தோலைக் காக்கும் பூச்சைப் பற்றிய செய்திகளை ஸ்கேனருக்குள் படுத்திருந்த 20 பேருக்குக் காட்டினார்கள். நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி, ஒரு விடயத்தைத் தன்னோடு பொருத்திப் பார்க்கும்போது இயங்கும் பகுதி உண்டு. அடுத்த வாரம் யார் பூச்சைப் பயன்படுத்தினார் என்பதைக் கணிக்க, அவர்கள் வாயால் சொன்னதற்கு மேலாக அந்தப் பகுதியின் இயக்கம் உதவியது. ஸ்கேனரை மூதூருக்குக் கொண்டுவர வழியில்லை. ஆனால் "கரையோர மக்கள்" என்று தொடங்கும் அறிவிப்பைவிட, தெருவின் பெயரையும் போக வேண்டிய பள்ளிக்கூடத்தையும் சொல்லிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு ஏன் ஆட்களை எழுப்புகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

பொய்த்துப்போன எச்சரிக்கை இன்னொரு சிக்கல். நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் செய்த சோதனைகளில், விளக்கு எரிந்த பின் பழச்சாறு கிடைக்கும் என்று பழகிய குரங்குக்குச் சாறு வராதபோது, வரவேண்டிய அதே கணத்தில் டோபமைன் நரம்பணுக்களின் இயக்கம் தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து மூளை பாடம் படிக்கிறது என்று 1997இல் அவரும் சக ஆய்வாளர்களான தயானும் மொன்டேக்கும் எழுதினார்கள். அந்தக் கணக்கை அப்படியே ஊருக்குப் போட்டுவிட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ணால் கண்டவர்களை நாலு வெற்று சைரன் மாற்றிவிடாது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒத்திகையும் வராத அலையும்தான். களப்பணியாளரின் கவலை அவர்களைப் பற்றியது.

நடந்ததை வைத்து நடக்கப்போவதைச் சொல்லும் முறைக்கும் எல்லை உண்டு. மூதூரே அதற்குச் சாட்சி. 1660இல் மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் நின்ற 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பலின் தலைவர் ரொபர்ட் நொக்ஸ், கரையிலிருந்தவர்களின் இன்முகத்தை நம்பி இறங்கினார். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்ததும் நிலைமை மாறியது, புளியமரத்தடியில் பிடிபட்டார். அடுத்துப் பிடிபட்ட அவருடைய மகன் தப்பிப்போக 1679 ஆனது.

தனி மனிதரைக் கணிப்பதைவிடக் கூட்டத்தைக் கணிப்பது சுலபம் என்று தோன்றும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இல் அதை மறுத்தார். எத்தனை பேர் தொடங்கினால் தானும் சேர்வார் என்ற வாசல் ஒவ்வொருவருக்கும் வேறு. நூறு பேர் கூட்டத்தில் ஒருவருக்கு யாரும் தேவையில்லை, அடுத்தவருக்கு ஒருவர், அதற்கடுத்தவருக்கு இருவர் என்றிருந்தால் நூறு பேரும் எழுவார்கள். அந்த இரண்டாமவருக்கும் இருவர் தேவை என்று வைத்தால், முதலாமவர் தனியே நிற்பார். 2006 ஓகஸ்ட் முதல் வாரம், சண்டை மூண்ட மூதூரில் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஒதுங்கியிருந்த சனம், பிறகு திரளாகக் கந்தளாய் நோக்கி நடந்ததைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

ஆகவே இப்போது களப்பணியாளருடைய வரைபடத்தில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு வீட்டில் குறி இருக்கிறது. அந்த வீட்டார் படலையைத் திறந்தால் பக்கத்து வீடுகள் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் அது தலைவர் வீடாக இருக்காது. கடன் கொடுக்கும் சில்லறைக் கடைக்காரி வீடாகவோ பிரசவத்துக்குக் கூப்பிடும் மூத்தம்மா வீடாகவோ இருக்கும். குறி நிலைப்பதுமில்லை. கட்டாரிலிருந்து ஒரு மகன் விடுமுறையில் வந்தால், அல்லது மூத்தம்மா மகள் வீட்டோடு தோப்பூருக்குப் போய்விட்டால், முழு ஒழுங்கையின் கணக்கும் மாறும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்னால், ஒவ்வோர் ஆண்டும் அவர் மறுபடி வீடு வீடாகப் போகிறார்.