டேலி ஆகாத தாளம்

வார்சாவுக்குத் தெற்கே, ராடொம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள், நெருப்பு ஒன்றும் இல்லை. போலந்து கிராமங்களில் கல்யாணம், ஆட்டம், பாட்டு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அந்த ஹால்தான்!

கோஷ்டியில் மூன்றே பேர். ஒரு வயலின். கஞ்சிராவுக்கு அண்ணன் மாதிரி ஜால்ரா வைத்த வட்டமேளம். அப்புறம் ஓர் அக்கார்டியன். அதற்குத் துருத்தி காலில்! பழைய நாடகக் கம்பெனி கால் ஆர்மோனியம் போல மிதித்துக்கொண்டே, இரண்டு கையாலும் விளாசுகிறார் ஒரு பெரியவர்.

ஆட்டத்தின் பெயர் ஓபெரெக். ஜோடி ஜோடியாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஹாலையும் சுற்றி வரவேண்டும். பார்த்த எனக்கே கிறுகிறுத்தது. வேகம் கொஞ்சம் குறைந்தால் மஸூரெக். இரண்டுக்கும் எண்ணிக்கை மூன்று. ஆனால் அழுத்தம் முதல் எண்ணில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ பொசுக்கென்று விழுகிறது. போதாததற்கு ஓர் எண்ணை இழுத்து, இன்னொன்றைச் சுருக்குகிறார்கள். பி.காம். படித்த மூளை எத்தனை தரம் கூட்டியும் டேலி ஆகவில்லை.

பெரிய மனிதர்களுக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. கிராமத்து மெட்டுகளைச் சிறு வயதில் கேட்டு, பியானோவுக்கு ஐம்பதுக்கு மேல் மஸூர்க்கா எழுதியவர் ஷோபான். பாரிஸில் அவர் வாசிக்கையில், சார்லஸ் ஹாலே என்ற பியானோ கலைஞர், மூன்று அல்ல, நான்கு வருகிறது என்றாராம். ஷோபான் அடியோடு மறுத்தார். ஹாலே சத்தமாக எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, அது எங்கள் நடனத்தின் சுபாவம் என்றாராம்.

சுபாவம் லேசுப்பட்டதில்லை. 1795-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை சுதந்திரப் போலந்தே கிடையாது. 1797-ல் இத்தாலியில், நாடிழந்த போலந்து சிப்பாய்களுக்காக யூஸெப் விபிட்ஸ்கி ஒரு பாட்டு எழுதினார். மெட்டு? மஸூரெக்! எழவு வீட்டில் கல்யாண மேளம் அடித்த மாதிரி. அதுவே 1927-ல் தேசிய கீதமானது. நிலத்தை ஜப்தி பண்ணலாம், காலில் இருக்கிற தாளத்தை எந்த அமீனா ஜப்தி பண்ணுவான்?

கூத்து என்னவென்றால், கீதம் பத்திரமாக இருக்க, ரேடியோவும் நவீன பாண்டு வாத்தியமும் வந்து கிராமத்து ஆட்டம்தான் ஒதுங்கிப்போனது. 1990-களில் வார்சா இளைஞர்கள் சிலர் ஊர் ஊராகப் போய், கிழவர்கள் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். இன்றும் வருகிறார்கள். வயலின் வைத்திருந்த பெண்ணிடம், "எப்படிம்மா எண்ணறீங்க?" என்றேன்.

"எண்ணினா தப்பிடும் சார். ஆடறவங்க காலைப் பாருங்க."

அதற்குள் பெரியவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.