கதை சோறு போடுமா?

ராயகிரிப் பக்கம் ஒரு பிள்ளை நாவலும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், போகிற வருகிற பெரியவர் யாராவது கேட்டுவிடுவார்: “ஏய், கதப் புத்தகம் சோறு போடுமா?” அந்தக் கேள்வியைக் கேட்கிற வயது எனக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. பொழுதைத் தின்றுவிடும் என்பதுதானே நாவல்மேல் சொல்லும் குற்றம்? அப்படித் தின்பதில்தான் அதன் அருமையே இருக்கிறது.

காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறோம். முன்விரோதத்தில் வெட்டிக் கொலை, சிறுவன் கைது என்று நாலு வரிச் செய்தி. “இந்த வயசுலயே அருவாளத் தூக்கிட்டானா, வெளங்குவானா” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகிறோம். 1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’யும் அப்படிப்பட்ட ஒரு பையனின் கதைதான். அண்ணனைப் பறிகொடுத்த பதினைந்து வயதுச் சிதம்பரம், அதற்குக் காரணமானவனை வெட்டிவிட்டு ஓடுகிறான். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதன்பிறகு அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதை வைத்துப் பொங்கித் தின்பது, எங்கே தலை சாய்ப்பது, வீட்டில் இருந்தவர்கள் கதி என்ன என்று நாமும் அவர்கள் பின்னாலேயே அலைகிறோம். நாலு வரியில் சொல்லிவிட்ட தீர்ப்பை, ஒரு புத்தகம் முழுக்கக் கூட நடந்த பிறகு சொல்ல முடிவதில்லை. 2019இல் இந்த நாவலை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்தவர்களும் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். படத்தில் அய்யா நிமிர்ந்து நிற்பார். நாவலில் அந்தப் பையனின் பசி நம் வயிற்றில் கிள்ளும்.

எனக்குத் தெரிந்த வாழ்க்கைப் பாடம் இதுதான்: ஒரு மனுசனைப் புரிந்துகொள்ள அவனுக்காகப் பொழுதைச் செலவழிக்க வேண்டும். நாவல் அதற்கு நம்மைப் பழக்குகிறது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்தது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு பைண்டு பண்ணி வைப்பது அன்றைய வீடுகளில் வழக்கம். மணியம் வரைந்த படத்துக்கு மறுபக்கம் ஏதாவது ஒரு விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். புத்தகம் வீடு வீடாகப் போய், கடைசிப் பக்கங்கள் உதிர்ந்து திரும்பி வரும். முடிவு தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்வது மட்டுமே ஆசையாக இருந்தால் அத்தனை வருசம் யார் காத்திருப்பார்கள்? கதை நாயகன் வந்தியத்தேவனோடு சேர்ந்து சுற்றுவதுதான் சுகம். பத்து நிமிடக் கதைச்சுருக்க வீடியோவில் முடிவு கிடைக்கும். அந்தச் சுற்றல் கிடைக்காது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. சங்கரன்கோவில் தாண்டிக் கிழக்கே போனால் கரிசல் மண். பேர்பெற்ற நாவல்கள் பல அங்கிருந்து வந்திருக்கின்றன. இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். 1976இல் வந்த அவருடைய ‘கோபல்ல கிராமம்’ ஒரு ஊர் உண்டான கதை. உருளைக்குடி சோ. தர்மனின் ‘சூல்’ ஒரு கண்மாயையும் அதை நம்பிப் பிழைத்த ஊரையும் பேசும்; 2019இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. மடை திறப்பு, கரை, மராமத்து என்பதெல்லாம் குளத்துப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு அகராதி பார்க்காமலே புரியும். தெரிந்த மண்ணில் தொலையக் கற்றுக்கொண்டால், பிறகு டால்ஸ்டாயின் ருசியாவிலும் தைரியமாகத் தொலையலாம்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டொரு சொல். செல்போனை வேறு அறையில் வையுங்கள். முதல் ஐம்பது பக்கம் பேர்களும் உறவுமுறையும் குழப்பத்தான் செய்யும். கல்யாண வீட்டிலும் அப்படித்தானே, பொறுத்திருந்தால் பிடிபடும். அதற்கு மேலும் ஒட்டவில்லையென்றால் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள், பாவமில்லை. இதனால் என்ன நீதி என்று மட்டும் நடுவில் கேட்காதீர்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை, நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். சோறு போடுமா என்று கேட்கிற பெரியவரும் வருசா வருசம் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பணம் கட்டியாயிற்று; போய்ப் புத்தகத்தை எடுப்பதுதான் பாக்கி.