கடைமடைக்கும் ஒரு முறை

நீதி வழங்கும் பொறுப்பு என் வாழ்நாளில் ஒரே ஒருமுறை என் கைக்கு வந்தது. அந்த ஒருமுறையும் நான் தவறினேன். நீதிமன்றங்களைப் பற்றி எழுத முற்படும்போது அந்தத் தவறிலிருந்து தொடங்குவதே நேர்மையென்று நினைக்கிறேன்.

கன்னடியன் கால்வாயை நம்பிய சிற்றூர் எங்களுடையது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கார் பருவத்தில் மழை பொய்த்தது. பாபநாசம் அணையில் நீர் தாழ்ந்தது. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைமடையில் ஆறு கோட்டை விதைப்பாடு வைத்திருந்த ஒரு பெரியவருக்கும், கடைமடையில் பத்து மரக்கால் விதைப்பாடு மட்டுமே வைத்திருந்த ஒரு கைம்பெண்ணுக்கும் இடையே, அந்த வாரத்து நீர் முதலில் யாருக்கு என்று வழக்கு மூண்டது. பள்ளி ஆசிரியன் என்ற ஒரே தகுதியால் என்னை நடுவனாக்கினார்கள். "சார்வாள் சொல்லட்டும், ரெண்டு பேரும் கட்டுப்படுதோம்" என்றார்கள்.

ஊருக்குத் தெரியாது என்று நான் நம்பியிருந்த செய்தி ஒன்று உண்டு. என் மூத்த மகளின் திருமணத்திற்காக அந்தப் பெரியவரிடம் மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். நான் எழுதிக் கொடுத்த புரோநோட்டு அவர் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாய்க்கால் கரையில் நின்று என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார், அவ்வளவுதான். பரப்பு அதிகமுள்ள வயல் காய்ந்தால் இழப்பும் அதிகம் என்று காரணம் கூறி, முதல் நீரை அவருக்கே கொடுத்தேன். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும், சார்வாள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய முறை வந்தபோது வாய்க்காலில் ஈரம் மட்டுமே இருந்தது. பொதிப் பருவத்தில் இருந்த பயிர் கருகியது.

நான் பணம் வாங்கவில்லை. பொய் சொல்லவுமில்லை. நான் கூறிய காரணத்தை அன்று உண்மையென்றே நம்பினேன். அதுதான் என்னை இன்றும் அச்சுறுத்துகிறது. பிறர் கையில் தன் பிழைப்பை வைத்திருப்பவனுக்கு அவர்கள் விரும்பும் தீர்ப்பே நியாயமாகவும் தோன்றிவிடுகிறது.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்ற நாள்களில், நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் பற்றிய பகுதிகளைப் படித்தேன். சட்டம் பயிலாத எனக்கு அவை முதலில் வறண்ட விதிகளாகவே தோன்றின. பின்னர் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அந்தப் பெரியவரின் சிரிப்பு எனக்குத் தெரியலாயிற்று.

உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயது வரையிலும், உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயது வரையிலும் பதவி வகிக்கலாம். அதற்குமுன் அவரை நீக்க வேண்டுமானால், தவறான நடத்தையோ இயலாமையோ மெய்ப்பிக்கப்பட்டாக வேண்டும். நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் இசைய வேண்டும். அத்தகைய தீர்மானம் வந்தாலன்றி, அவர் பணியில் நடந்துகொண்ட முறையை எந்தச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதிக்கவும் கூடாது. அவருடைய ஊதியம் ஆண்டுதோறும் வாக்கெடுத்து அளிக்கப்படுவதன்று; தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவு அது. பதவியேற்கும்போது, அச்சத்திற்கோ தயவிற்கோ, விருப்பிற்கோ வெறுப்பிற்கோ இடங்கொடாமல் கடமையாற்றுவதாக அவர் உறுதி கூறுகிறார். அந்த உறுதிமொழியைக் காப்பாற்ற மனவலிமை மட்டும் போதாது என்று சட்டத்தை வகுத்தோர் அறிந்திருந்தனர். ஆகவேதான் நீதிபதியின் புரோநோட்டு எவர் பெட்டியிலும் இருக்கலாகாது என்று ஏற்பாடு செய்தனர்.

ஆனால் கரை எவ்வளவு உயர்ந்தாலும் வெள்ளம் வேறு வழி தேடும். 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த நாளே, அரசுக்கு எதிரான கருத்துடைய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி நான்காமவர் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நெருக்கடி நிலையின்போது 1976-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் இடமாற்றம் செய்யப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில், காவலில் அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற கேள்வி எழுந்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாதென்றனர், எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். 1977 சனவரியில் அவருக்குரிய தலைமைப் பதவி இளையவருக்குச் சென்றது; கன்னா பதவி விலகினார். 2017-இல் உச்ச நீதிமன்றமே அந்தப் பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது.

நீக்குவதற்குக் கடுமையான விதி இருந்தாலும், அமர்த்துவதும் இடம் மாற்றுவதும் ஆள்வோர் கையில் இருந்தால் பயன் என்ன? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களுள் நம் தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அண்மையில் திருப்புடைமருதூருக்குச் சென்றிருந்தேன். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் அந்த ஊரில் 1929-இல் பிறந்தவர் நீதிபதி எஸ். இரத்தினவேல் பாண்டியன். அம்பாசமுத்திரத்தில் பள்ளிப் படிப்பையும், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் மேற்படிப்பையும் முடித்து, சென்னையில் சட்டம் பயின்றார். 1988-இல் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றார். உயர் நீதித்துறை நியமனங்களில் யாருடைய கருத்து முதன்மையானது என்பதை முடிவுசெய்ய 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தபோது, அவர்களில் அவரும் ஒருவர். அரசின் கருத்தைவிட, மூத்த நீதிபதிகளோடு கலந்து தலைமை நீதிபதி உருவாக்கும் கருத்தே முதன்மையானது என்று பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். அவர் அதற்கு இசைந்து தனியே எழுதினார். அத்துடன் நிற்கவில்லை. நீதிபதியின் இருக்கை ஒரு சிலருக்குரிய வாரிசுச் சொத்தன்று என்றும், பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகிய எல்லாப் பிரிவினரிலும் உள்ள தகுதியுடையோர் அங்கே இடம்பெற வேண்டுமென்றும் வலியுறுத்தினார்.

ஆற்றங்கரையில் நின்று இதை எண்ணியபோது எனக்குப் புலப்பட்டது இதுதான்: சுதந்திரமான மன்றம் என்பது தலைமடை. அதில் கடைமடைக்காரனுக்கும் ஒரு முறை இருக்க வேண்டும் என்பது பாண்டியன் சேர்த்துச் சொன்னது. முதலாவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம். 1994 மார்ச்சில் 65 வயது நிறைந்து அவர் ஓய்வு பெற்றார், 2018-இல் மறைந்தார்.

கரைகளுக்கும் குறை உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1993 மே மாதம், தமிழகத்தைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி. இராமசாமியை நீக்கக் கோரும் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 196 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை. ஆளுங்கட்சியினர் வாக்களிக்காது ஒதுங்கியதால் அது தோற்றது. நல்லவரைக் காக்கும் அதே கதவு, விசாரணைக்கு உட்பட்டவர்முன்னும் மூடிக்கொண்டது. நீதிபதிகளை நீதிபதிகளே தெரிந்தெடுப்பது மூடிய அறைக்குள் நடக்கிறதென்ற குறையும் எழுந்தது. அதை மாற்றவென 2014-இல் நாடாளுமன்றம் நியமன ஆணையம் ஒன்றை ஏற்படுத்த, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாதென்றது. வாதம் இன்னும் ஓயவில்லை; ஓயவும் கூடாது.

ஆயினும் அந்தக் கரைகளால் விளைந்த நன்மையை நம் ஆறே கண்டது. 2004 சூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதுவரை நெல்லை உழவர் ஒருவர் உயர் நீதிமன்றப் படியேற வேண்டுமானால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் பயணம் செய்ய வேண்டும். சிறுவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஆர். நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து அந்த மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்து, தாமே நின்று வாதாடினார். 2010-இல் மன்றம் மணல் அள்ளத் தடை விதித்தது. 2003 முதல் ஆற்று மணல் குவாரிகளைத் தமிழகத்தில் நடத்தியது அரசே. நீதிபதிகளுக்கு ஊதியம் வருவதும் அதே மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்துதான். இருப்பினும் அந்த அரசைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்ல அவர்களால் முடிந்தது. என்னால் மூவாயிரம் ரூபாய்க்கு முன் முடியாமல் போனது அது.

கடனைத் தீர்த்து, புரோநோட்டைக் கிழித்தெறிந்த மறுநாள், அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடியிருந்தன. திண்ணையில் அமர்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் அவர் தலை நிமிரவில்லை.

"அப்பமே தெரியும், சார்வாள்" என்றார் பிறகு. "நீங்க அவுகளுக்குக் கடன்பட்டிருந்தீக. வேற யார்கிட்ட போய்க் கேக்க?"

அவர் என் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார் என்றே ஏழு ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். அவர் ஏற்கவில்லை, வேறு வாசல் இல்லாமையால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அரசியலமைப்பின் அந்த வறண்ட விதிகளை யாராவது வெறும் வழக்குரைஞர் விவகாரம் என்று தள்ளும்போதெல்லாம், கருகிய பத்து மரக்கால் விதைப்பாடு என் கண்முன் வந்து நிற்கிறது.